நாற்பது நொடி மூச்சு

ஜனவரி 12

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று பயம். முகவரியை வேறு யாரையாவது விட்டு எழுதவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ததற்கே ஆறு வருடமாக முகம் திருப்பிக்கொண்டிருக்கிறாய். இன்னொரு திருட்டுத்தனம் வேண்டாம் என்று நானே எழுதினேன்.

போனிலும் முயன்று பார்த்தேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு எண்களிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். எடுத்தாய். "ஹலோ, அண்ணா" என்றதும் வைத்துவிட்டாய். மூன்றாவது முறை வெறும் "ஹலோ" மட்டும்தான் சொன்னேன், அதற்கும் அதே கதிதான். சரி, காகிதத்துக்குக் குரல் கிடையாது என்று தபாலில் வருகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. மூன்றாவது படத்தை எடுத்து முடித்துவிட்டேன். அதே கப்பல்தான். முதல் படத்தை நீ பாதியில் எழுந்து போனாய், இரண்டாவதைப் பார்த்திருக்கவே மாட்டாய். அதனால் சொல்கிறேன். இரண்டிலும் அந்த விண்வெளிக் கப்பலுக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடும். ஒரு கட்டத்தில் மூச்சு நின்றுபோகும். தியேட்டரே அசையாமல் இருக்கும்போது "ஸ்ஸ்ஸ்... டொக்... ஹா" என்று திரும்ப வரும். கைதட்டல் காதைப் பிளக்கும்.

அது அம்மாவின் மூச்சு என்று நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. லிஃப்ட் மோட்டாரைக் காதாலேயே சோதிக்கிற உன் பழக்கத்தில், அவளுடைய ஆக்சிஜன் மெஷினின் சத்தத்தைப் போனில் பதிந்து எனக்கு அனுப்பினாயே, "இதைக் கேளு, வால்வு ஏதோ சரியில்ல" என்று. அந்த நாற்பது நொடியைத்தான் நான் கப்பலுக்கு வைத்தேன்.

இப்போது அந்த நாற்பது நொடி என்னைவிடப் பெரிய ஆள். போன மாதம் பல் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே "ஸ்ஸ்ஸ்... டொக்" என்றார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி முத்திரை குத்துவதற்கு முன் அதே சத்தத்தை விட்டுக் கண்ணடித்தார். புதுக் கதை எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் "மூச்சு உண்டுல்ல?" என்கிறார்கள். வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்கூடக் கப்பலைத் தேடித்தான் வருகிறார்கள். மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன், பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூடத்தில் அப்படியே கிடக்கின்றன.

தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "உங்க படத்த பாக்க யாரும் வரல மேடம். மூச்சு நிக்கும், திரும்ப வரும், அதுக்குத்தான் வர்றாங்க." சுவரொட்டியில்கூட 'மீண்டும் மூச்சு' என்று போட்டுவிட்டார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் நாற்பது நொடியை இழுத்து, வெட்டி, திருப்பிப் போட்டு இரண்டு படத்தை ஓட்டியாகிவிட்டது. இதற்கு மேல் பிழிய ஒன்றும் இல்லை என்று ஒலிக்கலைஞர் கைவிரித்துவிட்டார்.

முழுப் பதிவு நான்கு நிமிடம், அனுப்புவதற்காக வெட்டினேன் என்று அன்றைக்கு நீ சொன்னது நினைவிருக்கிறது. அது உன்னிடம் இருக்கிறதா? இந்த முறை அனுமதி கேட்கிறேன், அண்ணா. முதல் முறையே கேட்டிருக்க வேண்டும்.

உன் தங்கை


ஜனவரி 29

இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிரித்தேன், படித்தேன். தூக்கிப் போடவில்லை. தபாலில் வந்ததைப் படிக்காமல் எறியும் அளவுக்கு எனக்குக் கடிதங்கள் வருவதில்லை.

தாங்கள் கேட்ட பதிவு என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன். கடிதத்தை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் தாங்கள் ஏதோ நான் சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன்.

தங்கள் முதல் படம் வெளியான அன்று எங்கள் சர்வீஸ் அலுவலகத்தில் பதினொரு பேரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். "என் தங்கச்சி எடுத்தது" என்று ஒரு வாரமாக அவர்கள் காதைத் துளைத்திருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சிரிப்பு வர ஆரம்பித்திருந்த சமயம். நடுவரிசையில் என்னை உட்காரவைத்தார்கள், இயக்குநரின் அண்ணன் என்று.

கப்பல் வந்தது. நாலா பக்கத்திலிருந்தும் அம்மா மூச்சு விட்டாள். வீட்டில் அவளுக்கு இல்லாத பலம் அந்த ஸ்பீக்கர்களுக்கு இருந்தது. பிறகு ஒரு மெக்கானிக் கையை நீட்டி சுவிட்ச்சை அணைத்தான். மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. என்னைச் சுற்றிப் பதினொரு பேரும் கைதட்டினார்கள். எங்கள் வீட்டில் திரும்ப வரவில்லை, இயக்குநர் அவர்களே. அவசர வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் அலுவலகத்தில் "தலைவலியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர்களுடன் எங்கும் போகவில்லை, அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

தங்களுக்குப் பல் டாக்டர் என்றால் எனக்கு லிஃப்ட். நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் மணியை அடிக்கிறார்கள். பிறகு கத்துகிறார்கள். அதுவும் அலுத்தால் யாராவது ஒருவர் தங்கள் கப்பல் மூச்சை விட ஆரம்பிக்கிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் கேபினின் கூரைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது அம்மா இப்படி என் காலடியிலிருந்து மூச்சு விடுகிறாள்.

காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது எனக்கு.

தங்கள் அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

'தாங்கள்', 'தங்கள்' என்று எழுதி என்னை நன்றாகவே அறைந்திருக்கிறாய். கன்னம் இன்னும் எரிகிறது. லிஃப்ட் கூரையில் நீ உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் எனக்கும் ஒரு வாய் இருக்கிறது.

அம்மா கட்டிலில் விழுந்து எழுந்திருக்காத நான்கு மாதமும் நீ பக்கத்தில் இருந்தாய். நான் பாலைவனம் மாதிரி ஒரு செட்டைப் போட்டுக்கொண்டு, மணல் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டபோது "இன்னும் நாலு நாள், அண்ணா" என்றேன். நான் வந்து இறங்கியபோது மெஷினின் ஒயரைச் சுற்றி மூலையில் வைத்துவிட்டிருந்தார்கள். உன்னிடம் நான்கு மாதம் இருக்கிறது. என்னிடம் நாற்பது நொடிதான் இருந்தது. அதை நான் எங்கே வைப்பேன்? எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்தேன்.

மூச்சு நின்று திரும்ப வருவது யாருடைய யோசனை என்று பேட்டிகளில் கேட்பார்கள். "பார்வையாளர்களை ஏமாற்றி மகிழ்விக்க" என்று ஏதோ பெரிதாகச் சொல்லிவைப்பேன். உண்மை அது இல்லை. எனக்கு அவள் திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான். படம் ஓடிய நாட்களில் ஊர் ஊராகப் போய்க் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து, அந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவேன். டிக்கெட் கிழிப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது படத்துக்கு எனக்குச் சாக்கு கிடையாது. உனக்கு வலிக்கிறது என்று தெரிந்தே வைத்தேன். மூச்சு இல்லாமல் ஒரு கதை எழுதிக்கொண்டு போனேன். ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை. கப்பலைக் கொண்டு போனதும் அன்றே கை குலுக்கினார்கள். கோழைத்தனம் என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் எனக்கு இன்றுவரை விளங்காதது ஒன்று உண்டு. முதல் படம் பார்த்த அன்றைக்குப் போனில் நீ கத்தியது "அம்மா மூச்சை எடுத்துட்டியே" என்று அல்ல. "எல்லாருக்கும் காட்டிட்டியே" என்றாய். இந்தக் கடிதத்திலும் "காட்டிவிட்டீர்கள்" என்றே எழுதியிருக்கிறாய். நான் காட்டவில்லையே, அண்ணா. ஒரு சத்தத்தைக் கேட்கவைத்தேன், அவ்வளவுதான். நான் என்னத்தைக் காட்டினேன்? பதிவு தராவிட்டால் போகிறது. இதை மட்டும் சொல்லிவிடு.

தங்கை


மார்ச் 2

உனக்கு,

மூன்று வாரமாக இந்தக் காகிதம் மேசைமேல் கிடக்கிறது. தினமும் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு வரி எழுதுவேன், வந்ததும் கிழிப்பேன். இன்று விடுமுறை எடுத்திருக்கிறேன். எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு.

உனக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்கிறாயா என்று முதலில் சந்தேகப்பட்டேன். உன் கடிதத்தை நாலைந்து முறை படித்த பிறகு தெரியாது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் இந்த ஆறு வருடத்தையும் நான் வீணாக்கியிருக்கிறேன்.

நீ கேட்ட அந்தப் பதிவு ஒரு மத்தியானம் செய்தது. மெஷின் சத்தத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு தட்டல் இருந்தது. சர்வீஸ்காரனுக்குப் போட்டுக் காட்டலாம் என்று போனைத் தலைமாட்டில் வைத்தேன். உனக்கு அனுப்பியது முதல் நாற்பது நொடி. அதற்குப் பிறகு அம்மா பேசினாள்.

"இத நிறுத்துடா. நாள் பூரா காதுக்குள்ள இரையுது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கட்டும்."

வேண்டாம்மா என்றேன். "ஒரே ஒரு நிமிஷம்டா" என்றாள். நம்மிடம் எதையும் கேட்காதவள். நான் நிறுத்தினேன். இடது கையால் சுவிட்ச்சை அணைத்தேன், வலது கையை அவள் பிடித்திருந்தாள். அறுபது வரை எண்ணினேன். பிறகு போட்டேன். அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸம்மா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவிட்ச்சின் மேல் என் கையைப் பார்த்தாள். துண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

காரியம் நடந்த அன்று நர்ஸம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். எட்டு மாதம் கழித்து உன் படத்தில் பின்பாக்கெட்டில் ஸ்பானர் வைத்த ஒருவன், இடது கையை நீட்டி, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒரு உயிரின் சுவிட்ச்சை அணைக்கிறான். நான் வேறு என்ன நினைப்பேன்? தெரிந்துகொண்டாள், நேரில் கேட்க மனமில்லாமல் ஊருக்கே போட்டுக் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். எல்லோரும் கைதட்டியபோது எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று பட்டது.

உன் போனை வைத்ததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. நீ "ஹலோ" என்றால் அது அப்படியே அம்மா குரல். அந்தக் குரல் எந்த நேரமும் என்னைக் கேட்டுவிடும் என்று பயம், ஏன் நிறுத்தினாய் என்று.

அந்தப் பழைய போனை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். சார்ஜரைப் பத்திரமாக வை, அந்த மாதிரி இப்போது கிடைக்காது. திரை விரிசல் விட்டிருக்கிறது, வலது ஓரத்தில் அழுத்தினால்தான் வேலை செய்யும். முழுதாகக் கேள். பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

கேட்டேன். பகல் பதினோரு மணிக்கு, எடிட்டிங் அறையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, உன் போனைக் காதில் வைத்துக்கொண்டு.

முதலில் உன் நர்ஸம்மா கதையை முடித்துவிடுகிறேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "உங்க அண்ணன் சாப்பிடவே மாட்டேங்கிறாரு. கொஞ்ச நாள் கூட இருந்து பாத்துக்கங்க." நான் இருக்கவில்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாளே கிளம்பிவிட்டேன். அதனால் அவள் சொன்னதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த மெக்கானிக்குக்கு இடது கைப் பழக்கம் வைத்தது நானேதான். எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் நீ. ஸ்பானரைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காரும்போதெல்லாம் "ஐயோ" என்பவனும் நீதான். நடிகரிடம் அதையும் செய்யச் சொன்னேன். நீ பார்த்தால் சிரிப்பாய் என்று நினைத்து வைத்தது, அண்ணா. நீ சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் முதல் நாளே போகச் சொன்னேன்.

நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன், யாருக்கு என்று சொல்லாமல். "ஒரு நிமிஷமா? டெஸ்டுக்காக நாங்களே அதவிட ரொம்ப நேரம் நிறுத்தி வச்சுப் பாப்போமே" என்றார். நீ அணைத்ததால் ஒன்றும் ஆகவில்லை. திரும்பவும் எழுதுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஜன்னல் கொக்கி ஆடுகிற சத்தம். கீழே யாரோ வாளியை நகர்த்துகிறார்கள். நீ முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டே இருக்கிறாய். நாற்பத்தி ஒன்று என்று நீ சொல்லும்போது அம்மா "அப்பாடா" என்கிறாள். மெல்லத்தான் சொல்கிறாள். நீ எண்ணிக்கொண்டிருந்ததால் கேட்டிருக்க மாட்டாய். ஒலியைக் கூட்டி இருபது முறை கேட்டுவிட்டேன். சந்தேகமே இல்லை.

அவளுக்குப் பிடிக்காத சத்தத்தை இரண்டு படத்தில் ஊர் முழுக்க இரையவிட்டிருக்கிறேன். நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. போனைத் திருப்பி அனுப்புகிறேன். அதிலிருந்து ஒரு நொடியைக்கூட எடுக்கவில்லை. மூன்றாவது படத்தில் அம்மாவின் மூச்சு எங்கேயும் இருக்காது.

வாலு


ஆகஸ்ட் 20

அண்ணா,

போன் வந்து சேர்ந்ததா என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. கோபமா, நிம்மதியா, வேலை அதிகமா, ஒன்றும் புரியவில்லை. நீ பதில் போடாத மாதங்களில் உனக்குச் சொல்ல வேண்டியவற்றை எல்லாம் எடிட்டிங் அறையின் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவர் உன்னைவிடப் பரவாயில்லை, முறைக்காமலாவது கேட்கிறது.

படத்தின் முடிவை மாற்றிவிட்டேன். கப்பலுக்கு வயதாகிவிட்டது. கடைசி மெக்கானிக் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூச்சு நிற்கிறது. திரும்ப வராது. ஒரு நிமிடம், சரியாக அறுபது நொடி, எந்தச் சத்தமும் இல்லாமல் அவன் உட்கார்ந்திருப்பதை மட்டும் காட்டுகிறேன். பிறகு படம் முடிகிறது.

அதற்கு முன்னால் வருகிற இடங்களுக்கு மூச்சு வேண்டுமே. ஒலிக்கூடத்தில் நின்று நானே விட்டேன். "டொக்" கூட என் நாக்குத்தான்.

முன்னோட்டக் காட்சிக்கு இருநூறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நிமிடம் வந்ததும் நான்கு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். நான் உடைந்துபோனேன். பார்த்தால், ஆபரேட்டரிடம் சவுண்டு போய்விட்டது என்று சொல்ல ஓடியிருக்கிறார்கள்! ஆபரேட்டரும் பதறி மெஷினைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கருத்துச் சீட்டில் ஒருவர் எழுதியிருந்தார்: 'படம் நன்று. கடைசியில் ஸ்பீக்கரைச் சரிபார்க்கவும்.' இன்னொருவர்: 'மூச்சு திரும்ப வராதென்றால் நான் எதற்கு வந்தேன்?' அதைப் படித்துவிட்டுக் கழிவறையில் நின்று அழுதேன். அவர் கேட்டதில் என்ன தப்பு? மூச்சு திரும்ப வரும் என்று இரண்டு படத்தில் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே.

தயாரிப்பாளர் மேசையைத் தட்டினார். மூச்சைச் சேர்த்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நானும் தட்டினேன். கடைசியில் மனமில்லாமல் இறங்கி வந்தார். "முதல் வாரம் உங்க இஷ்டம். சனங்க கத்தினா ரெண்டாவது வாரம் மூச்ச சேத்து அனுப்பிடுவோம். பழைய மூச்சு எங்ககிட்டயே இருக்கு." அம்மாவின் மூச்சைத்தான் சொல்கிறார்.

செப்டம்பர் 6 வெளியீடு. எனக்கு அந்த ஒரு வாரம்தான் இருக்கிறது. டிக்கெட் வைத்து அனுப்பவில்லை. வரவேண்டும் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. வந்தால், கதவு ஓரமாக உட்கார்.

வாலு


செப்டம்பர் 13

வாலுவுக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. போன் வந்த அன்றே ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். நாற்பத்தி ஒன்றில் நானும் கேட்டேன், "அப்பாடா" என்று. அதற்குப் பிறகு எழுதுவதற்கு எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. டாக்டர் சொன்னதை நான் ஆறு வருடம் முன்பே புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது அந்தச் சுவிட்ச்சின் மேலிருந்து என் கையை இறக்கிவைக்கவில்லை. அந்த ஒரு சொல் இறக்கிவைத்தது.

நேற்று, உன் வாரத்தின் கடைசி நாள், மத்தியானக் காட்சிக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சீருடையோடு அப்படியே போனேன். கதவு ஓர இருக்கை. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், அவருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு வரிசை.

கப்பல் வந்தது. மூச்சு வந்தது. முதல் "டொக்" கேட்டதுமே அது நீ என்று தெரிந்துவிட்டது. மோட்டார் மாறினால் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் மெத்தைக்கடியில் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வாயே, அதே மூச்சு. மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பின்பாக்கெட் ஸ்பானரை மறந்து உட்கார்ந்து அந்த மெக்கானிக் "ஐயோ" என்று எழுந்தபோது நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

பத்து வரை ஒருவரும் அசையவில்லை. மூச்சு வரும் என்று காத்திருந்தார்கள். பதினைந்தில் செருப்புகள் உரசின. இருபதில் பின்னாலிருந்து ஒருவன் "சவுண்டு!" என்று கத்தினான். இருபத்தைந்தில் இன்னொருவன் வாயால் "ஸ்ஸ்ஸ்... டொக்... ஹா" என்று ஆரம்பித்தான். சிரிப்பு. பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அரங்கமே. உன் கப்பலைப் பிழைக்கவைக்க முந்நூறு பேர் மூச்சு விட்டார்கள், வாலு. என் பக்கத்துப் பெரியவரும் விட்டார். போச்சு, இன்னொரு தடவை அவசர வழிக் கதவுதான் என்று பாதி எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். அதில் மெஷின் சத்தம் இல்லை. லிஃப்ட் கூரையில் உட்கார்ந்து இத்தனை நாள் கேட்டதிலும் இருந்திருக்காது, நான்தான் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். வெறும் ஆட்களின் மூச்சு. சிலருக்கு இருமல் வந்தது, ஒருவருக்கு விக்கல். நான் உட்கார்ந்தேன்.

கப்பல் அசையவில்லை. அந்த மெக்கானிக்கும் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கே அலுத்துவிட்டது. முதலில் பின்வரிசை ஓய்ந்தது. பிறகு பெண்கள். கடைசியாகப் பெரியவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் எண்ணிக்கையில் நாற்பத்தி ஒன்று. அதற்குப் பிறகு பத்தொன்பது நொடி, அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அம்மா கேட்டது முழுதாக ஒரு நிமிடம். பத்தொன்பது நொடியாவது வாங்கிக் கொடுத்துவிட்டாய்.

விளக்கு போட்ட பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் இல்லை. பெரியவர் என்னிடம், "திரும்ப வரல, இல்ல?" என்றார். "வரலங்க" என்றேன். நான் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வீட்டிலும் ஒரு மெஷின் இருந்திருக்கிறது.

இன்றிலிருந்து உன் தயாரிப்பாளர் பழைய மூச்சைச் சேர்த்திருப்பாரோ என்னவோ. சேர்த்துவிட்டுப் போகட்டும். நான் பார்த்த படத்தில் அது இல்லை.

உன் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, எடுப்பேன். எடுத்த உடனே "ஹலோ" சொல்லிவிடாதே. ஒரு நிமிடம் சும்மா இரு. நான் அறுபது வரை எண்ணிக்கொள்கிறேன். பிறகு பேசு.

அண்ணன்